ஜூன் மாதத்து மதியச் சாப்பாடு

லெப்பாசல்மி பள்ளியின் மனையியல் ஆசிரியர், முப்பத்தோரு ஆண்டுகள் அடுப்படியையும் ஏழாம் வகுப்பையும் ஒருசேர ஆண்டவர், அரை காசுக்கும் அர்த்தம் கேட்டவர், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எவரும் பார்த்திராதவர், மதிப்புக்குரிய மார்யுக்கா தெர்வோனன் அவர்களுக்கு உடன் பணிபுரிவோர் அன்புடன் வாசித்து அளிப்பது.

மார்யுக்கா அவர்களே,

நகராட்சிக் கல்விக் குழுவின் பதில் வந்துவிட்டதா என்று இந்த வாரம் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். தலைமை ஆசிரியர் தபானியிடம் கேட்டீர்கள். சமையற்கூடத்தில் ரீத்தாவிடம் கேட்டீர்கள். இதை எழுதுகிற கணித ஆசிரியனிடம், அவன் காப்பியை வாயருகே கொண்டுபோன நேரமாகப் பார்த்துக் கேட்டீர்கள். இன்றும் கேட்டிருப்பீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். இந்தக் கோடையில் பள்ளி முற்றத்தில் பிள்ளைகளுக்குச் சூப்பு உண்டா, இல்லையா என்பது இம்மடலின் முடிவில் வரும். அதுவரை தயவுசெய்து நாற்காலியில் இருங்கள்.

நற்பண்புகளை நிற்க வைத்து வரிசையாகச் சொல்வது இத்தகைய மடல்களின் வழக்கம். உங்களுடையவை நிற்க மாட்டா. உங்களைப்போலவே அவையும் மேசைக்கு மேசை நடந்துகொண்டிருந்தன.

பதின்மூன்று வயதில் பணம் என்பது கைபேசித் திரையில் ஓர் எண். அந்த எண்ணுக்குள் ஒரு வீடு இருக்கிறது என்று காட்டியது நீங்கள். வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு குடும்பம் என்று சீட்டு எடுத்து, அதற்கு மாத வரவு செலவு போடச் சொல்வீர்கள். சீட்டில் ஒரு வேலை, ஒரு சம்பளம், இத்தனை பிள்ளைகள் என்று இருக்கும். எடுத்த சீட்டை மாற்றித் தர மாட்டீர்கள்.

“டீச்சர், எங்களுக்கு பஸ் டிரைவர் வந்திருக்கு. அவங்களுக்கு பல் டாக்டர். இது நியாயமா?”

“நியாயமில்லதான். வாடகைய முதல்ல எழுது.”

அசையாதவை முதலில்: வாடகை, மின்சாரம், காப்பீடு. பிறகு சாப்பாடு. பிறகுதான் மற்றவை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவை மாதத்துக்குப் பங்கிடச் சொல்வீர்கள். மறந்தவர்களுக்கு உங்கள் பதில் ஒன்றுதான். “பனியில கார் ஓட்ட வேற டயர் வேணும்னு நவம்பர்ல கண்டுபிடிக்காதீங்கப்பா. போன வருஷமும் நவம்பர் வந்துச்சு.”

கணக்கு ஒழுங்காக வந்ததும் எதிர்பாராத சீட்டு ஒன்றை மேசையில் வைப்பீர்கள். துணி துவைக்கும் இயந்திரம் நின்றுபோகும். பல் உடையும். ஒரு சீட்டில் வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவர் இறந்துபோவார். இரண்டு இலையுதிர் காலங்களுக்கு முன், மனைவியை அடக்கம் செய்த விடுப்பு முடிந்து இதை எழுதுகிறவன் பள்ளிக்குத் திரும்பிய அன்று, நடைவழியில் நீங்கள் அவனை நிறுத்தினீர்கள்.

“அந்தச் சீட்ட எடுத்துடட்டுமா, லவ்ரி?”

“வேண்டாம். இருக்கட்டும்.”

“சரி.”

மற்றவர்கள் வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

உங்கள் மாணவர்கள் ஆண்டு தவறாமல் ஒரு பிழை செய்தார்கள். வரவு செலவில் பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடே இருக்காது. பள்ளியில் சேர்ந்த நாள்முதல் மதியம் சூடான சாப்பாடு இலவசமாக வந்த பிள்ளைகள். அது உலக நடப்பு என்றே நினைத்திருந்தார்கள்.

“இந்தக் குடும்பத்துல அப்பா பட்டினியா பஸ் ஓட்டுறாரா?”

“இல்ல டீச்சர், பஸ் டிப்போல குடுப்பாங்கல்ல?”

“யாரு?”

“தலைமுடிக்கு வலை போட்டுட்டு சாப்பாடு போடுவாங்களே, அவங்க.”

ஒவ்வோர் ஆண்டும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், ஏதோ நினைத்து, ஜூன் மாதத்துக்குக் கணக்குப் போடச் சொன்னீர்கள். கணிதத்தையும் சேர்த்துக் கற்பிக்க வந்து, இதை எழுதுகிறவன் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். ஒரு பெண், தன் ஜோடிப் பையனோடு சண்டையிட்டு, சாப்பாட்டுச் செலவை இரண்டு மடங்காக்கியிருந்தாள். அதற்காகக் கைபேசியையும் பேருந்து அட்டையையும் வெட்டியிருந்தாள்.

“டீச்சர், இவளப் பாருங்க. இந்த வீட்ல கரடி வளக்குறாளாம்.”

“கரடி இல்ல. ரெண்டு பசங்க. ஜூன்ல கோடை லீவுக்கு பள்ளிக்கூடம் மூடிருவாங்கல்ல? மத்தியானம் யாரு போடுவா, உங்க தாத்தாவா?”

வகுப்பு சிரித்தது. நீங்கள் நடப்பதை நிறுத்தினீர்கள். அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் அப்படி நின்று பார்த்ததில்லை.

அது அவள் வீட்டுக் கதையா, பக்கத்து வீட்டுக் கதையா, வெறும் கெட்டிக்காரத்தனமா என்று நீங்கள் கேட்கவில்லை. எங்களையும் கேட்க விடவில்லை. அவள் பெயரை இங்கே எழுதாததும் அதனால்தான். அன்றே உணவுக்கூடத்துக்குப் போய், காலித் தட்டுகளை வைக்கும் இடத்தில் நின்று, யார் இரண்டாம் முறை வாங்குகிறார்கள் என்று பார்த்தீர்கள். அடுத்த நாளும் பார்த்தீர்கள். பிறகு தபானியின் அறைக்குள் கதவு தட்டாமல் போனீர்கள்.

“கோடையில இங்க சூப்பு போடணும்.”

“பணம்?”

“ஏழாம் வகுப்பு கணக்குப் போட்டுக் குடுக்கும்.”

கொடுத்தது. உருளைக்கிழங்கு, கேரட், சாசேஜ் என்னும் தொத்திறைச்சி, பால், ரொட்டி, வெண்ணெய், எரிசக்தி, ஓர் ஆள் கூலி. கிண்ணமும் கரண்டியும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், கழுவும் செலவு மிச்சம் என்று கண்டுபிடித்தவர்கள் அவர்களே. ஒரே ஒரு இடத்தில்தான் தகராறு வந்தது.

“எல்லாருக்கும் போட்டா பணம் பத்தாது டீச்சர். வேணுங்கறவங்க மட்டும் கை தூக்கட்டும்.”

“நல்ல யோசனை. நீ முதல்ல தூக்கு.”

அதோடு தகராறு முடிந்தது. சூப்பு எல்லோருக்கும் என்று எழுதினார்கள். பெயர் கேட்கக் கூடாது என்று அதன் கீழே கோடு போட்டு எழுதினார்கள். நகராட்சி ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் முற்றத்துப் பிர்ச் மரங்களின் கீழே வரிசை நின்றது. மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் நின்றது. யார் எதற்காக நிற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் விரும்பியது அதுதான்.

இந்த வசந்தத்தில் கல்விக் குழு அதை வெட்டப் பார்த்தது. நடத்துகிற ஆசிரியர் ஓய்வு பெறுவதால் இத்திட்டம் இயல்பாகவே முடிவுக்கு வருகிறது என்று எழுதினார்கள். இயல்பாக என்ற சொல்லை நீங்கள் ஆசிரியர் அறையில் பலமுறை, பல குரலில் படித்துக் காட்டினீர்கள். பிறகு இந்த ஆண்டு ஏழாம் வகுப்பை அழைத்துக்கொண்டு நகர மன்றத்துக்குப் போனீர்கள். பிள்ளைகள் கணக்கைப் படித்தார்கள். குழுத் தலைவர் கேட்டது ஒன்றுதான்.

“கணக்கு பிரமாதம் பிள்ளைங்களா. ஆனா டீச்சர் போயிடுறாங்களே, பொறுப்பு யாரு?”

பிள்ளைகள் உங்களைப் பார்த்தார்கள். ஓய்வு பெற்றவர் பொறுப்பாளராக இருக்க விதியில் இடமில்லை என்று உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து நீங்கள் தூங்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

நீங்கள் இல்லாத ஒரு மாலையில் நாங்கள் கூடினோம். பொறுப்பை யார் ஏற்பது என்பதுதான் பேச்சு. பத்து வாரக் கோடை விடுமுறையும் ஏரிக்கரைக் குடிலும் எங்களுக்கு எவ்வளவு அருமை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“எனக்கு ஜூலைல குடில் கூரை மாத்தணும்” என்றார் மரவேலை ஆசிரியர் ஆர்தோ.

“உன் கூரை எட்டு வருஷமா மாறிட்டிருக்கு” என்றார் ரீத்தா.

இதை எழுதுகிறவன் தன் பெயரை எழுதச் சொன்னான். இந்தக் கோடையில் அவன் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. அதன்பின் ஆர்தோ கூரையை ஆகஸ்டுக்குத் தள்ளினார். ரீத்தா இரண்டு வாரப் பொறுப்பை எடுத்தார். தபானி கேட்காமலே ஒரு வாரம் எடுத்தார். அவர் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டோம்.

பெயர்களை அனுப்பினோம். பதில் வந்துவிட்டது.

சூப்பு உண்டு. கோடை முழுவதும் உண்டு.

தொகையை மட்டும் குறைத்துவிட்டார்கள். எதை வெட்டுவது என்று ஏழாம் வகுப்பைக் கேட்டோம். நீங்கள் அறையில் இல்லாமல் அவர்கள் போட்ட முதல் கணக்கு அது. ஒரு பாடவேளை முழுக்கச் சண்டை நடந்தது. பாலைத் தொடக் கூடாது என்றார்கள். தொத்திறைச்சியை வாரத்தில் இரண்டு நாள் விட்டுவிட்டு பட்டாணி போடலாம் என்றார்கள். வெண்ணெய் போனது.

“வெண்ணெய் இல்லாம ரொட்டியா? தொண்டையில நிக்கும்.”

“சூப்புல முக்கு.”

அந்தப் பதிலைச் சொன்னது யார் என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம். நீங்கள் கற்பித்த பிள்ளை.

மார்யுக்கா அவர்களே, உடல்நலமும் உள்ள நிறைவும் நெடிய ஆயுளும் உங்களுக்கு வாய்க்க வேண்டும் என்று உளமார விழைகிறோம். உங்கள் ஏரியில் மீன் கிடைக்கட்டும். உங்கள் முழங்கால் உங்கள் பேச்சைக் கேட்கட்டும். இனி ஓய்வெடுங்கள் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுதிப் பார்த்தோம், ஆசிரியர் அறையில் ஒருவரும் நம்பவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடுப்பு பற்ற வைக்கிறோம். பொறுப்பு எங்களுடையது. உருளைக்கிழங்கு உரிக்க இன்னும் ஓர் ஆள் வேண்டும்.

என்றும் உங்கள்,
லெப்பாசல்மி பள்ளி ஆசிரியர்களும் சமையற்கூடப் பணியாளர்களும்