ஏழு நிலை அட்டிகை

கழுத்து அழுக்கைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை ஐயா. நான் பேசித்தான் ஆக வேண்டும். என் பிழைப்பே அதோடுதான்.

பழைய கோயில் கோபுரங்களை அளந்து வரைந்து, பெண்கள் கழுத்தோடு ஒட்டிப் போடும் அட்டிகையாகச் சுருக்குவது என் வேலை. ஏழு நிலைக் கோபுரம் ஒன்றை விரல் அகலத்துக்குள் கொண்டுவர இரண்டு வருடம் பிடித்தது. நிலைக்கு நிலை மாடம், மாடத்துக்குள் தூண். வாங்கியவர்கள் மெருகு போடத் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு மாடத்திலும் வியர்வையும் பவுடரும் களிம்பாக அப்பியிருக்கும். ஊசியால் குடைந்து ஒரு துணியில் துடைப்பேன். சீ, அந்த நாற்றம் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும்.

விற்பனையைப் பார்த்துக்கொண்டவள் என் தங்கை. அவளுக்கு இதெல்லாம் சிரிப்பு.

"இவ்வளவு நுணுக்கம் எதுக்குக்கா? மூணு கோடு போடு, மேல ஒரு புள்ளி வை. கோபுரம்னு தெரிஞ்சா போதாதா? அழுக்கும் சேராது, இந்தக் காலத்துக்கும் எடுப்பா இருக்கும்."

செய்தும் காட்டினாள். கோபுரமாம். துணி காயப்போடும் கொடி மாதிரி இருந்தது. பெரிய கடைக்காரர் ஒருவர் வாரக் கடைசியில் வந்து இரண்டில் ஒன்றை எடுப்பதாக இருந்தார். அவளுடையது தேறினால் என் ஏழு நிலையை உருக்கிவிட வேண்டியதுதான். தன்னுடையதை அவளே போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு.

அவளுக்கு நிக்கல் ஆகாது. பள்ளிக்கூட நாளில் கைக்கடிகாரம் கட்டி மணிக்கட்டு கொப்பளித்துப் போனது. முலாம் பூசுகிறவள் நான். நிக்கல் பூசி அதன்மேல்தான் தங்க முலாம். அவள் அட்டிகையின் உள்பக்கத்தை மட்டும் தங்கம் பூசாமல் நிக்கலோடு நிறுத்திக்கொண்டேன்.

கையில் கிடைத்த அன்றே போட்டுக்கொண்டாள். மூன்றே நாளில் கழுத்தைச் சுற்றிப் புண். கடைக்காரர் பார்த்து முகம் சுளித்தார். என்னுடையதை எடுத்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாமே என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் அவள் விடவில்லையே.

"புண்ணு ஆறட்டும்கா. அடுத்த தடவ மூணு கோடுதான், பாரு" என்று சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டினாள். மஞ்சளாக நீர் வடிந்தது. அருவருப்பை அடக்கிக்கொண்டு துடைத்துவிட்டேன். எந்தத் துணியால் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஊர்க் கழுத்து அழுக்கையெல்லாம் துடைத்துப் போட்ட அதே துணி. ஆறு நாள், காலையும் மாலையும்.

காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற அவள் வீட்டுக்காரரை, வெறும் சொறிக்கு ஆஸ்பத்திரியா என்று தடுத்ததும் நான்தான். ஏழாம் நாள் கொண்டுபோனபோது ரத்தமெல்லாம் கெட்டுப்போயிருந்தது. மறுநாள் போய்விட்டாள்.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். கட்டின புருஷனைக்கூட அவள் புண்ணைத் தொட விடவில்லை. அக்கா கைதான் சுத்தம் என்று அவளே சொன்னாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?