இழுக்காத வண்டிக்கு அது எதற்கு

டாக்டர் ப்ரூயிட் வண்டி கழுவுவதில் கெட்டிக்காரர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதில் அவரைப் பற்றி நல்லதாக வேறு எதுவும் வராது. வயோமிங் குளிரில், நவம்பரில்கூட, வாரம் தவறாமல் கழுவுவார். ஆறு டன் இழுக்கும் பிக்கப் அது. குதிரை டிரெய்லர், படகு, எதைப் பின்னால் கட்டினாலும் முனகாமல் இழுக்கும். மூன்று வருடத்தில் அது சுமந்தது ஒரு கோல்ஃப் பை, இரண்டு ஜோடி பனிச்சறுக்குப் பலகை, பூனை அளவில் ஒரு நாய். டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டின் மேல், விற்றவர்கள் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அதையும் துடைப்பார்.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், துணை ஷெரீஃப். எனக்கு இன்று கடை இல்லை.

டென்வரிலிருந்து வந்து எங்கள் ஊரில் பல் பிடுங்குகிறவர் அவர். நான் வெர்லின் ஸ்ட்ரவுட், முப்பத்தொரு வருடமாக மெக்கானிக். நவம்பரில் ஒரு நாள் காலை அவர் என் கடைக்கு வந்து வண்டியிலிருந்து இறங்காமலே கண்ணாடியை இறக்கினார்.

"வெர்லின், இந்த மஞ்ச லைட்டு மூணு நாளா உயிர வாங்குது. டிரெய்லர் ஆடுறதக் கட்டுப்படுத்துற வசதி வேல செய்யலயாம். எங்கிட்ட டிரெய்லரே இல்ல. எதுய்யா ஆடும்?"

"உங்க நாய் ஆடும், டாக்டர்."

சிரித்தார். பல் அழகாக இருந்தது. "இழுக்காத வண்டிக்கு அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நீயே சொல்லு."

"இழுக்காத வண்டிக்கு டிரெய்லர் ஆடுற கவலையே கெடையாது."

இதில் எந்த வார்த்தை பொய் என்று நீங்களே காட்டுங்கள்.

அந்த வசதி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். காற்றில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தால், சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து, எஞ்சினை அடக்கி, வண்டியை நேராக்கும். ஆனால் அதற்கென்று தனிக் கண் கிடையாது. வண்டி பனியில் சறுக்கும்போது பிடித்து நிறுத்துகிறதே, அதே சென்சார்தான் இதற்கும். ஒரு கண், இரண்டு வேலை. அந்தக் கண்தான் மங்கிப்போயிருந்தது. காஸ்பர் நகரிலிருந்து இரண்டு நாளில் புதிதாக வரவழைத்திருக்கலாம். டாக்டர் அதைக் கேட்கவில்லை. விளக்கை அணைக்கச் சொன்னார். சென்சாரின் வயரைக் கழற்றி டேப் சுற்றினேன், எந்த எச்சரிக்கையும் வராதபடி வண்டியின் கணினியிலும் அடைத்தேன். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்வதுதான் என் தொழில்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் என் மனைவி ஜோலீனும் டக்ளஸ் சந்தைக்கு இரண்டு குதிரைகளைக் கொண்டுபோனோம். என் பழைய வண்டி பிறந்ததிலிருந்து இழுத்த வண்டி. அதில் இந்த வசதி இல்லை. நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தது, பிறகு எங்களையும் ஆட்டியது. ஜோலீன் அங்கேயே போனாள். காற்றுதான் காரணம் என்று எழுதினார்கள். ஒருநாளும் இழுக்காத இந்த மனிதருக்கு அந்த வசதி இருக்கிறது, அதன் விளக்கு அவர் கண்ணை உறுத்துகிறது. என் இடத்தில் நீங்கள் இருந்தால் உங்களுக்கும் கொஞ்சம் வேடிக்கையாக இருந்திருக்கும்.

டிசம்பர் பத்தாம் தேதி அவர் மனைவி மேரிலிஸ் அந்த வண்டியில் வந்தார். டயருக்குக் காற்று. கையில் எனக்கென்று பூசணி ரொட்டி, இன்னும் சூடாக. பனி விழத் தொடங்கியிருந்தது.

"தங்கச்சியப் பாக்க லாரமி போறேன், வெர்லின். கணவாய் ரோட்டுலயே போயிடலாம்ல? வண்டி சறுக்குனா தானே பாத்துக்கும்னு எங்க வீட்டுக்காரரு கென்ட்ரிக் சொல்றாரு."

"அதுக்கெல்லாம் வசதி வெச்சுத்தான் கம்பெனியிலேருந்து அனுப்புறாங்க, மேடம். எதுக்கும் மெதுவாவே போங்க."

அறிவுரை சொன்னேன் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். நான்கு டயருக்கும் அளவு பார்த்துக் காற்றடித்தேன். ரொட்டி நன்றாக இருந்தது.

நாற்பது நிமிடத்தில் உங்கள் அலுவலகத்திலிருந்தே போன் வந்தது. இந்தப் பக்கம் மீட்பு வண்டி வைத்திருப்பவன் நான் ஒருவன்தானே. மூன்றாவது வளைவில் வண்டி நேராகப் போய்ப் பள்ளத்தில் கிடந்தது. மேரிலிஸை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தார்கள். இழுக்காத வண்டியை நான்தான் இழுத்து வந்தேன். ஒரு வாரம் என் கொட்டகையில் நின்றது. அந்த வயரை மறுபடி மாட்ட இரண்டு நிமிடம் போதும். நான் தொடவில்லை. எனக்கு மோசடி பழக்கமில்லை.

அடக்கம் முடிந்து டாக்டர் வந்தார். கழுவாத காரில். பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

"நான்தான் அவளக் கொன்னுட்டேன், வெர்லின். லைட்ட அணைக்கச் சொன்னது நான்தான். சறுக்குறதுக்கும் அதேதான்னு நேத்துதான் படிச்சேன். நீ பாவம், உன்னால என்ன செய்ய முடியும், நான்ல கேட்டேன்."

கைதுடைக்கும் துணி ஒன்று கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் கிரீஸ் ஒட்டியது, சொல்லவில்லை.

பிறகு ஊர் முழுக்க இதே பேச்சு. கடையில், தேவாலயத்தில், எங்கு பார்த்தாலும் "நான்தான், நான்தான்" என்கிறார். பெண்கள் முறைவைத்து அவர் வீட்டுக்குச் சமைத்து அனுப்புகிறார்கள். பாதிரியார் அவர் தோளில் கைவைத்து, இவ்வளவு நேர்மையான மனிதரைப் பார்த்ததில்லை என்கிறார். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் என்ன செய்தார்? ஒரு கேள்வி கேட்டார். வயரைக் கழற்றியது நான். அந்த அம்மாளை மலைக்கு அனுப்பியதும் நான். தெரிந்தே அனுப்பினேன். பாரத்தை ஏற்றாதவர், ஸ்டியரிங்கைப் பிடிக்காதவர், அந்தக் குற்றத்தையும் தனதென்று எடுத்துக்கொண்டு சுற்றுகிறார். அதனால்தான் இன்று நானே நடந்து வந்தேன்.

ஜோலீன் போனபோது யாரும் என் தோளில் அப்படிக் கைவைக்கவில்லை. காற்று என்றார்கள், நானும் காற்று என்று கையெழுத்துப் போட்டேன். டிரெய்லரில் பாரம் முன்பக்கம் இருக்க வேண்டும், பின்னால் கூடினால் வால் ஆடும். இழுத்துப் பழகிய எவனுக்கும் தெரியும். அன்று காலை ஜோலீன், "வைக்கோல முன்னாடி தள்ளிப் போடு, வெர்லின்" என்று இரண்டு தடவை சொன்னாள். நேரமாகிவிட்டது என்று, தள்ளாமலே டிரெய்லர் கதவைச் சாத்தினேன். அதை மறைக்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, துணை ஷெரீஃப். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.