லேஸ் கட்டிவிட்டவள்

செவிலிமேடு போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். நாற்பதைத் தாண்டியிருக்கும். பள்ளியில் ஒரே கால்பந்து அணியில் ஆடியவர்களாம்.

“பெனால்டி அடிக்கறதுக்கு முன்ன கண்ண மூடிக்கினு, பால் வலைக்குள்ள போறத மனசுலயே பாக்கணுமாம். என் பொண்ணுக்கு கோச் கத்துக்குடுக்கறாரு,” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள். “மேட்ச்னாலே வாந்தி எடுக்கறா. நாளைக்கு ஃபைனல் வேற.”

“உன் பொண்ணாச்சே! நீயும் அப்படித்தான எடுப்ப.”

“எனக்கு யாருடி கத்துக்குடுத்தாங்க? நீதான் என் முன்னால குந்திக்கினு ஷூ லேஸ் கட்டி வுடுவ. எங்க வூட்டு தறியில அறுந்த இழைய எங்கம்மா முடிச்சு போடுமே, அவ்ளோ நிதானமா. அதப் பாத்தாலே எனக்கு படபடப்பு அடங்கிடும். உனக்கு பயமே கெடையாதுன்னு நெனச்சிக்குவேன்.”

மற்றவள் மடியிலிருந்த பையை நகர்த்தி வைத்தாள்.

“கைய சும்மா வெச்சிருந்தா நடுங்கும்டி. அதுக்குத்தான் உன் லேஸப் புடிச்சுக்குவேன்.”

“அடிப்பாவி! இத அப்பவே சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா நீ கோல் அடிச்சிருப்பியா?”