பாம்புக்குப் பயந்த இருளர்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போன பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு இருளர் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க ஆம்பளைங்களுக்கு இப்ப பாம்புன்னா பயம்க்கா," என்றாள் இளையவள்.

மூத்தவள் சிரித்துவிட்டாள். "பாம்பு புடிக்கிற இருளனுக்கா?"

"உப்பங்கழியில எறா புடிக்கப் போற வழிய பண்ணையாரு வேலி போட்டு அடைச்சிட்டாரு. புள்ளைங்க பட்டினி. அந்த நேரம் பாத்து அவுரு வூட்டு நெல்லு அறையில நல்லபாம்பு பூந்துடுச்சு. கூப்புட்டாரு. 'பயமா இருக்குது சாமி'ன்னு ஒருத்தரும் போவல."

"அப்புறம்?"

"சோறாக்க நெல்லெடுக்க முடியாம, கடைசியில அவுரே வேலியப் பிரிச்சாரு."

"அப்ப பாம்பப் புடிச்சிக் குடுத்தீங்களா?"

"எந்தப் பாம்ப? அது மொத நாளே வயலுக்குப் போயிடுச்சு. எங்க வூட்டுக்காரரு பாத்தாரு. பண்ணையாருகிட்ட யாரும் சொல்லல."