பயாஸில் ஒரு வரி

"எங்கப்பா என்கிட்ட மன்னிப்புக் கேட்டாருடி. நானும் கேட்டுக்கினு கம்முனு இருந்தேன்."

வேப்பம்பட்டில் மின்சார ரயிலில் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்களில் சன்னலோரம் இருந்தவள் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் கலைந்துவிட்டது.

"இன்னாத்துக்குடி?" என்றாள் தோழி.

"பழைய லேப்டாப் வாங்கியாந்தாரு. கம்ப்யூட்டர் உள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் ஓட்ற சாஃப்ட்வேர் கீதுல்ல, அது ஓடல. 'குப்பைய உன் தலைல கட்டிட்டான். ஒண்ணும் தெரியாம நீ எதுக்குப்பா வாங்கப் போன?'ன்னு அத்தை முன்னாடியே கத்திட்டேன். 'தெரியாம வாங்கிட்டேன், மன்னிச்சுக்கம்மா'ன்னாரு."

"லூசு, லேப்டாப் நல்லாத்தான் இருக்கும். ஆன் பண்ணும்போதே பயாஸ்னு ஒரு செட்டிங்ஸ் வரும், அது உள்ள போயி விர்ச்சுவலைசேஷன்ற வரியை எனேபிள் பண்ணணும், அப்பதான் அந்த சாஃப்ட்வேர் ஓடும். என் புது லேப்டாப்லயே அது ஆஃப்லதான் இருந்துச்சு."

"தெரியும். நேத்து லேப்ல சார் சொன்னாரு. ஊட்டுக்குப் போயி பண்ணேன். சூப்பரா ஓடுது."

"அப்பாகிட்ட சொன்னியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"திட்டுவாருன்னா நேத்தே சொல்லியிருப்பேன். 'ஓடுதா? அப்பாடா'ன்னு சந்தோஷப்படுவாருடி."