ஏரி மேல் நடந்தவன்

விம்கோ நகரில் ரயில் ஏறிய இரண்டு மீன்காரப் பெண்கள், காலிக் கூடைகளோடு என் எதிரில் உட்கார்ந்தார்கள்.

"கனடாவுல எம்புள்ள ஏரி மேல நடந்து போயி மீன் புடிக்கிறான்க்கா."

"இன்னாடி சொல்ற?"

"ஏரியே ஐஸா ஒறஞ்சி கீது. ஓட்ட போட்டு தூண்டில் வுடணுமாம். நேத்து நடந்துகினே வீடியோ கால் போட்டான். ஐஸு சோறு மாரி வெள்ளையா கீது. தெனம் மீனுக்கு ஐஸு வாங்குறவளுக்குத் தெரியாதா? கண்ணாடி மாரி கீறதுதான் தாங்கும், வெள்ள ஐஸு பொசுக்குனு நொறுங்கும். 'கரைக்குப் போடா'ன்னு கத்துனேன்."

"போனானா?"

"மொணகிக்கினே போனான். அப்பால அந்த ஊருக்காரரு ஒருத்தரு தொளச்சிப் பாத்தாராம். ஐஸு ரெண்டு வெரலு கனந்தானாம், ஆளத் தாங்காதாம்."

"அப்போ மீனு?"

"மீன்காரி புள்ள, கடையில வாங்கித் துன்னான்," என்று சிரித்தாள். "துன்னட்டும்."