பூச்சாடியில் ஐந்து பூக்கள்

எனக்குக் கோணல் பிடிக்காது, ஐயா. அக்கராயன் நெல்லுக் களஞ்சியத்தில் சாக்குகளுக்கு இலக்கம் போடுகிறவன் நான். வெட்டின தகட்டைச் சாக்கில் வைத்து மை தடவினால் எட்டு எட்டாகவே நிற்கும். பூச்சாடிக்குப் பூப் போட்டதும் இந்தக் கைதான்.

அது வெறும் மண் சாடி. பளையில் இருக்கும் தாய்க்குக் கொடுக்கவென்று என் மனைவி அன்னபாக்கியம் வாங்கி வைத்தது. அன்னபாக்கியத்துக்கு இரண்டு வருடமாகத் தொய்வு வருத்தம். மூச்சு இழுக்கிற சத்தம் படலையடியிலேயே கேட்கும். ஆசுபத்திரி அப்போதிக்கரி என்னிடம் சொன்னார்: "ஈரமும் ஆகாது, எண்ணெய் மணமும் ஆகாது. பளைக்கே கூட்டிக்கொண்டு போம்."

போனால் அரசாங்கம் தந்த காணி போய்விடும். குடியிருந்து விதைக்காதவனின் வயலை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். காடு வெட்டி, மலேரியாக் காய்ச்சலில் கிடந்து எழும்பித் திருத்திய மூன்று ஏக்கர். அவளைத் தனியே போகச் சொல்லிக் கெஞ்சினேன்.

"நீங்கள் இல்லாமல் நான் போகன். செத்தாலும் உங்களோடைதான்" என்றாள்.

நல்ல மனுசி, ஐயா. அதுதான் கரைச்சல்.

"சரி, சாடிக்குப் பூப் போட்டு முடிச்சிட்டு ரெண்டு பேரும் போவம்" என்றேன். அன்றைக்கே உடுப்புகளை மூட்டை கட்டிவிட்டாள்.

மட்டையில் பூ வடிவம் வெட்டினேன். நுளம்புக்கு மருந்தடிக்கும் கைப்பம்பைக் கழுவி, பெயின்றில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றினேன். மட்டையைச் சாடியோடு ஒட்டப் பிடித்து அடித்தால் பூ மட்டும் பதியும். நாளுக்கு ஒரு பூ. அவள் பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று அவள் படுத்திருந்த அறையிலேயே அடித்தேன். ஈரப் பெயின்றில் தூசி படக்கூடாதென்று கதவையும் யன்னலையும் சாத்தினேன். ஒரு பூவுக்கு நாலு அடி போதும். நான் நாற்பது அடித்தேன். என் மூக்கில் ஈரத் துவாய் கட்டியிருந்தேன்.

மூன்றாம் நாள், "இஞ்சேருங்கோ, யன்னலைக் கொஞ்சம் திறவுங்கோ" என்றாள்.

"கொஞ்சம் பொறும், காயட்டும்."

பொறுத்தாள். பூ வடிவாய் இருக்கு என்றும் சொன்னாள்.

மார்கழி அடைமழையில் தூசி ஏது என்று கேட்டீர்கள். செத்தவீட்டுக்கு வந்த எவரும் அதைக் கேட்கவில்லை. தூசி இல்லை, ஐயா. அவள் மூச்சு நிற்கவேண்டும் என்றுதான் சாத்தினேன். ஐந்தாம் பூ அடித்த அன்று மத்தியானம் நின்றது. ஆனால் அவள்மேல் நான் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அதையும் எழுதுங்கள்.

சாடியில் இன்னும் மூன்று பூவுக்கு இடமிருக்கிறது. முடித்து அவளுடைய தாய்க்கு அனுப்பவேண்டும். சொன்ன சொல்லை நான் காப்பாற்றுகிறவன். வயலில் களையும் முழங்காலளவு வந்திருக்கும். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டால் பின்னேர பஸ்ஸுக்கு என்னை விட்டுவிடுவீர்கள்தானே?